ஜாதி நாய்க்குட்டி: வாங்குகிற விலையும் அதற்கு அப்புறம் வருகிற செலவும்

"ஒரே இனம், ஒரே வயது. ஆனால் ஒருவர் கேட்கிற விலை இன்னொருவர் கேட்பதைப் போல மூன்று மடங்கு. ஏன்? அதிகம் கொடுத்தால் நல்ல குட்டி கிடைக்குமா? வாங்கிய பிறகு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். விலை பேசுகிற இடத்தில் நான் இருப்பதில்லை. அதற்கு அப்புறம் வருகிற பில்கள் என் மேசையில்தான் எழுதப்படுகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

குட்டியின் விலை ஒரு தடவை கொடுப்பதோடு முடிந்துவிடும். அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு நீங்கள் கொடுக்கப்போவதைத் தீர்மானிப்பது அந்த இனத்தின் உடம்பு: எத்தனை கிலோ வளரும், மூக்கு எவ்வளவு நீளம், முதுகு எவ்வளவு நீளம், முடி எப்படிப்பட்டது. எந்த இனம் என்று முடிவு செய்த நிமிஷமே செலவின் பெரும்பகுதியும் முடிவாகிவிடுகிறது. விலை பேசிக் குறைக்கிற தொகை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

சரி, முதலில் விலை வித்தியாசத்துக்கு வருவோம். ஒழுங்காகச் செய்கிற ஒரு பிரீடரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டையைக் குட்டியிலிருந்து வளர்க்கிறார். இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயைப் பார்த்து இறுதித் தரச்சான்று கொடுக்க அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு 24 மாத வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இரண்டு வருஷம் போல அந்த நாய்க்குத் தீனி, தடுப்பூசி எல்லாம் அவர் கைக்காசு. பிறகு இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே, கண் பரிசோதனை, இதய ஸ்கேன், அந்த இனத்துக்கென்று இருக்கிற மரபணுச் சோதனைகள். பருவத்துக்கு வந்ததும் எந்த நாளில் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ள புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனை. ஒரு தடவை எடுத்தால் போதாது. ஆண் நாய்க்காரருக்குக் கொடுக்கிற தொகை பல இடங்களில் ஒரு குட்டியின் விலைக்குச் சமம், அல்லது ஈத்திலிருந்து ஒரு குட்டியை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். சினை நின்றதா என்று பார்க்க ஒரு மாதம் நிரம்புவதற்குள் ஸ்கேன், எத்தனை குட்டி என்று எண்ண 55 நாளுக்கு மேல் எக்ஸ்ரே. சுமார் 63 நாளில் ஈனும். அப்புறம் குட்டிகள் வீடு மாறுகிற எட்டு வாரமும் அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது.

இந்தச் செலவு மொத்தத்தையும் பிழைத்து நிற்கிற குட்டிகளின் தலையில்தான் பங்கு போட முடியும். லாப்ரடார் ஒரு ஈத்தில் ஏழெட்டுக் குட்டி போடும். சிவாவா, பொமரேனியன் போன்ற குட்டி இனங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று, சில நேரம் நாலு. உருவம் சின்னது, விலை மட்டும் ஏன் பெரியது என்றால் காரணம் இதுதான். தலை பெருத்த இனங்களின் கதை இன்னும் மோசம். பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் மூன்றிலும் ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட ஈத்துகள் சிசேரியனில் முடிந்திருந்தன. குட்டியின் தலை தாயின் இடுப்பு எலும்பு வழியே வருவதில்லை. ஆக அந்த இனங்களில் நீங்கள் கொடுக்கிற விலையில் ஓர் அறுவை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறவர் இதில் எதையெல்லாம் செய்யாமல் விட்டார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதே சமயம், எல்லாவற்றையும் செய்யாமல் விட்டுவிட்டு விலையை மட்டும் முழுசாக வைக்கிறவரும் உண்டு. அவர்தான் அதிகம். விலையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. பரிசோதனைக் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் சரியான காகிதத்தை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பேப்பர் இருக்கு" என்று விற்பவர் சொன்னால் பெரும்பாலும் அது கெனல் கிளப் பதிவுச் சான்று. 1873இல் லண்டனில் முதல் கெனல் கிளப் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பதிவேட்டின் அடிப்படை வேலை ஒன்றே: இந்த நாய்க்கு அப்பன் யார், அம்மா யார் என்று எழுதி வைப்பது. இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறது, இதயத்தில் கோளாறு இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. நொண்டுகிற நாய்க்கும் சுத்தமான பேப்பர் இருக்கலாம்.

ஆனாலும் அதை வாங்கிப் படியுங்கள். ஓர் உபயோகம் இருக்கிறது. மூன்று தலைமுறைச் சான்றில் பெற்றோர் 2, அவர்களைப் பெற்றவர்கள் 4, அதற்கும் மேலே 8, மொத்தம் 14 பெயர் இருக்கும். ஒரு பேனாவை எடுத்து ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். அப்பன் பக்கமும் அம்மா பக்கமும் ஒரே ஆண் நாய் தாத்தாவாக வந்தால், ஒரு தகப்பனுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் குட்டியின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்த்த) அளவு குறைந்தது 12.5 விழுக்காடு. கூடப் பிறந்தவற்றையே சேர்த்திருந்தால் 25. தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் மரபணுக் கோளாறுகள் தலைகாட்டுவது இப்படிப்பட்ட ஈத்துகளில்தான்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது தாய், தகப்பன் இரண்டின் பரிசோதனை முடிவுகள். இனத்துக்கு இனம் பட்டியல் மாறும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் என்றால் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே. டால்மேஷியன் என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு காதும் கேட்கிறதா என்று பார்க்கும் பேயர் சோதனை. ஐந்தாறு வாரத்தில் செய்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைக் கை தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. டோபர்மேன் என்றால் இதயம்: ஸ்கேனும், 24 மணி நேரம் உடம்பில் கட்டிவிடும் ஹோல்டர் பதிவும். ஐரோப்பிய டோபர்மேன்களை வைத்து 2010இல் வந்த ஆய்வு, இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய் 58 விழுக்காடு நாய்களுக்கு வருகிறது என்றது. பெற்றோருக்கு ஒரு தடவை சோதித்து நன்றாக இருந்தாலும் பின்னால் வரலாம் என்பதால், அவற்றின் தாத்தா பாட்டி எந்த வயதில், எதனால் செத்தன என்றும் கேளுங்கள். ஒழுங்கான பிரீடர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கேட்காமலே அவர் சொல்லத் தொடங்கினால் இன்னும் நல்லது.

விலையை ஏற்றுகிற இன்னும் இரண்டு விஷயம் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். ஒன்று, "அபூர்வ நிறம்". சாம்பல் நீல நிறத்துக்குக் காரணமான மரபணு சில இனங்களில் தோலையும் கெடுக்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி முதுகு வெறுந்தோலாகிவிடும். திட்டுத்திட்டான மெர்ல் நிறத்தில் இரண்டு நாய்களைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இரு பக்கமிருந்தும் அந்த மரபணு வரும். அதற்குச் செவிடு, குருடு ஆகும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது, "டீகப்", அதாவது மிகச் சின்ன உருவம். அப்படி ஓர் இனம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஈத்தில் நோஞ்சானாகப் பிறந்ததையும், நோஞ்சான்களைச் சேர்த்துப் பெற்றதையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஒரு வேளை தீனி தவறினால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கி விழும். கையிலிருந்து குதித்தால் முன்னங்கால் எலும்பு ஒடியும். அந்த எலும்பு ஒரு தீக்குச்சியை விடக் கொஞ்சம்தான் பருமன், அதில் தகடு வைத்துத் திருகுவது லேசான வேலை இல்லை.

மலிவான குட்டியில் நான் அடிக்கடி பார்க்கிற விபத்து பார்வோ என்ற வைரஸ் நோய். குட்டி வீட்டுக்கு வந்த அன்று குதியாட்டம் போடும். கிருமி உடலுக்குள் போய் நோய் தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும் என்பதால், விற்றவரின் கையை விட்டு வந்த பிறகுதான் காட்டும். நாலாம் நாள் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். மறுநாள் நுரையாக வாந்தி, அதற்கடுத்து இரத்தம் கலந்த கழிச்சல். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது சாகும். உள்நோயாளியாக வைத்து, நரம்பில் டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பல நாள் பார்த்தால் பெரும்பாலானவை பிழைக்கும். அந்த பில், குட்டி வாங்கிய விலையைத் தாண்டிப் போவது வெகு சாதாரணம். செத்துப்போனால் அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அந்த வைரஸ் வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை உடனே அங்கே கொண்டுவர முடியாது.

குட்டியைப் பார்க்கப் போகும்போது தாய் நாயை அது இருக்கிற இடத்திலேயே பாருங்கள். "தாய் வேறு இடத்தில் இருக்கு" என்றால் திரும்பி வந்துவிடலாம். குட்டிக்கு விலாவெலும்பு தெரிய, வயிறு மட்டும் பந்து போல உப்பியிருந்தால் குடற்புழு. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் போய்விடும். அதனால்தான் இரண்டாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து கொடுக்கச் சொல்கிறோம். அந்தத் தேதிகள் எழுதிய அட்டை பிரீடரிடம் இருக்க வேண்டும். நாலைந்து வாரத்துக் குட்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறவரிடம் வாங்காதீர்கள். கடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான் கற்கும். அதைக் கற்காமல் வந்த நாய்க்குப் பிற்பாடு பயிற்சியாளருக்குக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டிய செலவுதான்.

இனி உடம்பு. முதலில் எடை. ஓடியாடும், கருத்தடை செய்த 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 375 கலோரி போல வேண்டும். உலர்ந்த பாக்கெட் தீனியில் அது ஏறக்குறைய 100 கிராம். 30 கிலோ நாய்க்கு 1,400 கலோரிக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 390 கிராம். வருஷத்துக்கு முன்னது 36 கிலோ தின்னும், பின்னது 140 கிலோ. 60 கிலோ எடையுள்ள கிரேட் டேன் 235 கிலோவைத் தாண்டும். எடை ஆறு மடங்கானால் தீனி நாலு மடங்குதான் ஆகிறது என்பதைக் கவனியுங்கள்; பெரிய உடம்பு கிலோவுக்குக் கணக்குப் போட்டால் சிக்கனமானது. மருந்துக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. உண்ணி மாத்திரை, இதயப்புழுத் தடுப்பு, வலி மாத்திரை, மயக்க மருந்து எல்லாம் எடைக்கு எடை ஏறும். பெரிய நாயை வைத்திருப்பவர்களைத் திகைக்க வைப்பது தீனிச் செலவை விட இந்த மருந்துச் செலவுதான்.

தீனியில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் செலவைக் குறைக்கிற ஒரே அறிவுரை நாய்க்கும் நல்லதாக அமைவது அபூர்வம். 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதை விட 25 விழுக்காடு குறைவாகத் தீனி கொடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவை சராசரியாக 1.8 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. லாப்ரடார் எப்போதும் பசித்தது போல் பார்க்கும். 2016இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அந்தப் பசிக்குப் பின்னால் இருக்கிற ஒரு மரபணுக் குறையைக் கண்டுபிடித்தது. நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான லாப்ரடார்களிடம் அது இருக்கிறது. அதற்குக் கண்ணீர் விட்டு ஊட்ட வேண்டாம். அதேபோல, பெரிய இனக் குட்டிக்கு அந்தந்த வயதுக்கான பாக்கெட் தீனி கொடுத்தால் கால்சியம் டானிக் தேவையே இல்லை. கூடுதல் கால்சியம் வளரும் எலும்பைக் கெடுக்கும். காசு கொடுத்து நோயை வாங்குகிற வேலை அது.

அடுத்தது மூக்கு. தட்டை மூக்குக் குட்டியை மேசையில் வைத்துக்கொண்டு, "தூங்கும்போது குறட்டை விடுவான் டாக்டர், கேட்கவே சிரிப்பா இருக்கும்" என்பார்கள். மூக்கைக் கிட்டே பார்த்தால் துவாரம் வட்டமாக இருக்காது. ஒரு கோடு போல, கமா போல இருக்கும். மூச்சை இழுக்கும்போது அந்தக் கோடும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். குட்டி வாயைத் திறந்துதான் மூச்சு விடும். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. துவாரத்தை அகலப்படுத்தி, தொண்டைக்குள் தொங்குகிற மென் அண்ணத்தை வெட்டிக் குறைக்கிற அறுவை சிகிச்சை இவற்றில் பலவற்றுக்குத் தேவைப்படும். மயக்கம் கொடுப்பதிலும் இவற்றுக்கு ஆபத்து அதிகம். ஆகவே சாதாரணக் கருத்தடைக்குக்கூடக் கூடுதல் கவனிப்பு, கூடுதல் பில். முகச் சுருக்கத்தில் ஈரம் தங்கிப் புண், உப்பிய கண்ணில் கீறல், வெயிலில் மயக்கம் என்று தனிப் பட்டியலே உண்டு. பிரிட்டனில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து 2024இல் வந்த ஆய்வில் எல்லா நாய்களையும் சேர்த்து இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் எட்டுகிற வயது) 12.5 வருஷம், பிரெஞ்சு புல்டாகுக்கு 9.8. அதிகம் கொடுத்து வாங்கி, அதிகம் செலவழித்து, குறைவான காலம் வைத்திருக்கிற இனம். எனக்கு அவற்றின் குணம் பிடிக்கும், ஆனால் யார் கேட்டாலும் வாங்கச் சொல்வதில்லை.

நீள முதுகுள்ள டாக்ஸ்ஹுண்டில் ஐந்தில் ஒன்றுக்காவது முதுகெலும்புத் தட்டு பிதுங்கும் பிரச்சினை வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. காலையில் சோபாவிலிருந்து குதித்த நாய் மாலையில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வரும். எம்ஆர்ஐ, அவசர அறுவை, பிறகு வாரக்கணக்கில் கூண்டு ஓய்வு. ஒரே நாளில் வருகிற மிகப் பெரிய பில்களில் இது ஒன்று. நெஞ்சுக்கூடு ஆழமான கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் வகைகளுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. மணிக்கணக்குக்குள் மேசையில் ஏற்றாவிட்டால் போய்விடும். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றறையின் உள்சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால் முறுக்குவதைப் பெரும்பாலும் தடுக்கலாம், அந்தக் கூடுதல் செலவு வீண் போகாது. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலுக்கு வயதாக ஆக இதய வால்வு கசிவது ஏறக்குறைய நிச்சயம். பிறகு சாகும்வரை தினம் மாத்திரை.

இப்படிச் சொன்னதும் அறுவை சிகிச்சைக்குத்தான் பயப்படுவீர்கள். உண்மையில் வீட்டுக் கணக்கைக் கரைப்பது அவை அல்ல. அரிக்கிற தோல், சீழ் பிடிக்கிற காது, ஒத்துக்கொள்ளாத வயிறு, கெட்டுப்போன பல். என் நாளில் பாதி இவற்றில்தான் போகிறது. காது தொங்குகிற ஸ்பேனியல், ஒவ்வாமை உள்ள லாப்ரடார், மடிப்புத் தோல் ஷார்பே இவையெல்லாம் சொட்டு மருந்து, ஷாம்பு, ஊசி என்று மாதா மாதம் வரும். நோய் முழுசாகத் தீராது, கட்டுக்குள் இருக்கும். சின்ன இனங்களுக்குப் பல் நெருக்கமாக முளைப்பதால் காரை சீக்கிரம் கட்டும். நாய்க்குப் பல் சுத்தம் செய்ய முழு மயக்கம் வேண்டும், அதற்கு முன் இரத்தப் பரிசோதனை வேண்டும். தினமும் வீட்டில் பிரஷ் போட்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். கேட்பவர் எல்லோரும் தலையாட்டுவார்கள், போடுகிறவர்கள் குறைவு.

முதல் வருஷச் செலவு தனி. தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நாலு வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கிறவரை ஊசி சரியாக வேலை செய்யாது, அது என்றைக்குக் குறையும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் "ஒரு ஊசி போட்டாச்சு" என்று சொல்லி விற்பதில் பெரிய அர்த்தம் இல்லை. பிறகு ஒரு பூஸ்டர். அதற்கப்புறம் பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்பது உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் வருஷா வருஷம். வெறிநோய் ஊசிக்கு அந்தந்தச் சட்டம் சொல்கிறபடி. இவற்றோடு தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப், கருத்தடை. பெட்டைக்குக் கருத்தடையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தபோது, கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் அது வந்திருந்தது. பெரிய இனங்களுக்கு மட்டும் மூட்டு வளர்ந்து முடியட்டும் என்று கொஞ்சம் காத்திருப்போம். எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கூண்டு வாங்கினால் வளர்ந்த நாயின் அளவுக்கே, நடுவில் தடுப்பு வைக்கிற மாதிரி வாங்குங்கள், மூன்று தடவை மாற்ற வேண்டாம்.

முடியைப் பற்றிச் சுருக்கமாக. பூடில், ஷிட்சு, மால்டீஸ் வகைகளுக்கு முடி உதிர்வது குறைவு, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும், ஆயுள் முழுக்க. நீங்களே வெட்டக் கற்றுக்கொண்டால் ஒரு நல்ல மெஷின் விலையோடு போச்சு. ஹஸ்கி, கோல்டனுக்கு வெட்டவே கூடாது, சீவத்தான் வேண்டும். செலவு வீட்டைப் பெருக்குவதில்தான்.

யாரும் கணக்கில் எழுதாத ஒன்று, நீங்கள் வெளியூர் போகிற நாட்கள். நாயை விட்டுப் போகிற இடத்துக்கு நாள் வாடகை, பல இடங்களில் எடைக்குத் தகுந்தபடி. வருஷத்தில் எத்தனை நாள் வீட்டில் ஆளிருக்காது என்று எண்ணிப் பாருங்கள். சிலருக்குத் தீனியை விட இதுவே அதிகமாக வரும்.

ஜாதி நாய் என்றாலே நோய்ப் பெட்டி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பரம்பரை நோய் இருந்த 27,254 நாய்களின் பதிவுகளில் 24 பரம்பரை நோய்களைத் தேடிப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். பத்து நோய்கள் ஜாதி நாய்களில் அதிகம். ஒன்று, முழங்கால் தசைநார் அறுவது, கலப்பு நாய்களில் அதிகம். மீதி 13இல் வித்தியாசமே இல்லை. நான் மேலே சொன்ன பிரிட்டிஷ் ஆய்விலும் ஜாதி நாய்களின் இடைநிலை ஆயுள் 12.7, கலப்புக்கு 12.0. ஆக ஜாதியா கலப்பா என்பதை விட எந்த ஜாதி, எந்தப் பெற்றோர் என்பதுதான் பெரிய கேள்வி. உடம்பு அளவோடு, மூக்கு நீளமாக, முதுகு நேராக இருக்கிற இனத்தில் சோதித்த பெற்றோருக்குப் பிறந்த குட்டி எந்தக் கலப்பு நாய்க்கும் குறைந்ததல்ல.

காப்பீடு எடுக்கிற எண்ணம் இருந்தால் குட்டி வந்த வாரமே எடுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பெரும்பாலும் எந்தத் திட்டமும் பணம் தராது, ஒரு தடவை காது சீழ் என்று பதிவில் எழுதிவிட்டால் பிறகு காதுக்கே தர மாட்டேன் என்பார்கள். சில திட்டங்கள் பரம்பரை நோயை மொத்தமாக விலக்கியிருக்கும். ஜாதி நாய்க்கு அப்படிப்பட்ட திட்டத்தால் பாதிப் பயன்கூட இல்லை. காப்பீடு வேண்டாம் என்றால் தீனிக்கு மாதம் எவ்வளவு ஆகிறதோ அதே அளவைத் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். முதல் இரண்டு வருஷம் அதைத் தொடாமல் இருந்துவிட்டால் பெரும்பாலான அவசரங்களுக்குத் தாங்கும்.

குறைந்த விலையில் நல்ல குட்டி வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. நல்ல பிரீடரின் ஈத்தில் காட்சிப் போட்டிக்கு லாயக்கில்லாத குட்டி ஒன்றிரண்டு இருக்கும்: நெஞ்சில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு காது சரியாக நிற்காதது, பல் வரிசையில் சின்ன மாற்றம். அதே பெற்றோர், அதே பரிசோதனை, அதே வளர்ப்பு. இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு விலை குறைத்துத் தருவார். வீட்டில் வளர்ப்பவருக்கு அந்த வெள்ளைப் புள்ளியால் என்ன போயிற்று? இன்னொரு வழி, இரண்டு மூன்று ஈத்து முடித்து ஓய்வு கொடுத்த ஐந்து வயதுப் பெட்டை. பல பிரீடர்கள் நல்ல வீடு கிடைத்தால் கொஞ்சப் பணத்துக்கே கொடுத்துவிடுவார்கள். இடுப்பு, இதயம், குணம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த நாய். குட்டிப் பருவத்துச் செருப்புக் கடியும் முடிந்திருக்கும். குறிப்பிட்ட இனங்களை மட்டும் மீட்டுத் தத்துக் கொடுக்கிற அமைப்புகளிலும் இந்த வயது நாய்கள் வரும்.

எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டி நோய் இருந்தால் பணம் திரும்பும் என்றும், பரம்பரை நோய் வெளிப்பட்டால் என்ன செய்வார் என்றும், உங்களால் வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் எந்த வயதிலும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அப்புறம் ஸ்கேனர் வைத்துக் குட்டியின் சிப்பைப் படிக்கச் சொல்லி, வருகிற 15 இலக்க எண்ணைக் காகிதத்தில் இருப்பதோடு நீங்களே ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பாருங்கள். தாயின் எக்ஸ்ரே சான்றிலும் பெரும்பாலும் அதன் சிப் எண் இருக்கும். தாயையும் படிக்கச் சொல்லுங்கள்.